ஒரே நியூட்ரான், ஒரே புரோட்டான்: லுட்டீசியம்-176 சிதைய 3,700 கோடி ஆண்டு எடுப்பது ஏன்?

எடுத்துக்கொண்ட பொருள்: 10 கிராம் லுட்டீசியம் ஆக்சைடு. இயற்கை லுட்டீசியத்தில் 2.6 சதவீதம் லுட்டீசியம்-176. மீதி முழுவதும் நிலையான லுட்டீசியம்-175. கணக்குப் போட்டால் இந்தப் பொடியில் கதிரியக்க அணுக்கள் சுமார் 7.9 × 10²⁰ இருக்கும். அத்தனை இருந்தும் விநாடிக்கு 467 சிதைவுகள்தான் நடக்கின்றன. அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 3,700 கோடி ஆண்டு என்பதே இதன் பொருள். பேரண்டத்தின் வயதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

நீண்ட அரை ஆயுட்காலம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பொட்டாசியம்-40. அங்கே காரணம் நேரடியானது. தொடக்க நிலையின் தற்சுழற்சி 4, இறுதி நிலையினது 0. எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் நான்கு அலகு கோண உந்தத்தைச் சுமந்து போக வேண்டும், அது அரிது. லுட்டீசியம்-176-க்கு இந்த விளக்கம் பொருந்தாது. அதன் தரைநிலை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் நிலை, 7−. இதில் எண் தற்சுழற்சி; குறி பாரிட்டி, அதாவது நிலையைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பினால் குறி மாறுகிறதா என்பது. அது சிதைந்து சேரும் ஹாஃப்னியம்-176-ன் நிலை 6+. வேறுபாடு ஒரே ஒரு அலகு, பாரிட்டி மாறுகிறது. பாடநூல் விதிப்படி இது 'முதல் தடை' மாற்றம். கிடைக்கும் ஆற்றலோ சுமார் 597 கிலோ எலக்ட்ரான்வோல்ட், அப்படியொன்றும் குறைவில்லை.

ஆற்றலின் பங்கை நீக்கிய பிறகு ஒரு சிதைவு எவ்வளவு மெதுவானது என்பதை மடக்கையில் சொல்லும் எண் லாக் எஃப்டி; ஒன்று கூடினால் பத்து மடங்கு தாமதம். முதல் தடை மாற்றங்களில் அதன் மதிப்பு பெரும்பாலும் 6-க்கும் 9-க்கும் இடையில் விழும். 7 என்று வைத்துக் கணக்கிட்டால் லுட்டீசியம்-176 சுமார் எட்டு நாளில் பாதியாகிவிட வேண்டும். எட்டு நாள் எங்கே, 3,700 கோடி ஆண்டு எங்கே! உண்மையான லாக் எஃப்டி 19-ஐத் தாண்டுகிறது. ஒரு லட்சம் கோடி மடங்குக்கும் மேலான இந்தத் தாமதத்தைத் தற்சுழற்சியும் பாரிட்டியும் மட்டும் வைத்து விளக்க முடியாது. தேர்வுத்தாளில் '7− → 6+, முதல் தடை' என்று எழுதுவது தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் விடையின் முக்கியப் பாதி விடுபட்டுவிடும்.

அதே மாற்றம், நான்கு இடங்களில்

இந்தச் சிதைவில் எந்த நியூட்ரான் எந்தப் புரோட்டானாக மாறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நீள்வடிவ அணுக்கருக்களுக்கு இயற்பியலர் நில்சன் 1955-ல் தந்த நிலைக்குறிகளில் (முதலில் அச்சின்மேல் விழும் கோண உந்தம், பிறகு பாரிட்டி, அடைப்புக்குள் நிலையின் அடையாள எண்கள்), லுட்டீசியம்-176-ன் ஒற்றை நியூட்ரான் இருப்பது 7/2−[514] நிலை. ஒற்றைப் புரோட்டான் இருப்பது 7/2+[404] நிலை. பீட்டா சிதைவில் அந்த நியூட்ரான் புரோட்டானாகி, ஏற்கெனவே 7/2+[404]-ல் தனியாக இருக்கும் புரோட்டானோடு இணை சேர்கிறது. நடப்பது இவ்வளவே.

இதே மாற்றத்தை அண்டை அணுக்கருக்களிலும் பார்க்கலாம். இட்டர்பியம்-175-ன் ஒற்றை நியூட்ரானும் 7/2−[514]-ல்தான் இருக்கிறது. அது லுட்டீசியம்-175-ன் தரைநிலையான 7/2+[404]-க்குப் போகிறது. அரை ஆயுட்காலம் 4.2 நாள், லாக் எஃப்டி 6.4-ஐ ஒட்டி. புற்றுநோய் சிகிச்சைக்குப் பயன்படும் லுட்டீசியம்-177-லும் இதே இரண்டு நிலைகள்தான்: 6.65 நாள், லாக் எஃப்டி 6.7 அளவில். மூன்றாவது, லுட்டீசியம்-176-ன் ஐசோமர், அதாவது உடனே இறங்கிவிடாமல் தாங்கும் உயர் ஆற்றல் நிலை. தரைநிலைக்கு மேலே 123 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் இருக்கும் 1− நிலை. அரை ஆயுட்காலம் 3.66 மணி, லாக் எஃப்டி 7-ஐ ஒட்டி.

நான்காவது, நம் பொடியில் இருக்கும் தரைநிலை. லாக் எஃப்டி 19.

ஐசோமரையும் தரைநிலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அணுக்கரு ஒன்று, நியூட்ரான் நிலை ஒன்று, புரோட்டான் நிலை ஒன்று. வேறுபடுவது, அந்த இரண்டு நியூக்ளியான்களின் கோண உந்தங்களும் அச்சின்மேல் ஒரே திசையில் இருக்கின்றனவா, எதிரெதிராக இருக்கின்றனவா என்பது மட்டும். ஒரே திசையில் என்றால் 7/2 + 7/2 = 7. எதிரெதிராக என்றால் அச்சின்மேல் 0 (ஐசோமரின் 1− என்பது மொத்தத் தற்சுழற்சி). ஒன்று பள்ளி நேரத்துக்குள் பாதியாகிறது. மற்றது பூமி தோன்றி 450 கோடி ஆண்டு ஆகியும் பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. அணுக்கரு அமைப்பு பீட்டா சிதைவை எப்படி ஆளுகிறது என்பதற்கு இதைவிடத் தூய்மையான எடுத்துக்காட்டு எங்களுக்குத் தெரிந்து இல்லை.

(ஐசோமர் ஏன் காமா உமிழ்ந்து தரைநிலைக்கு இறங்கிவிடவில்லை? 1-லிருந்து 7-க்கு ஆறு அலகு தாவ வேண்டும். அதைவிடப் பீட்டா வழி எளிது.)

குழவி உருளுவதும் புரளுவதும்

இப்பகுதி அணுக்கருக்கள் உருண்டை அல்ல. ஹாஃப்னியம்-176-ன் உருத்திரிபு அளவு சுமார் 0.29. அதாவது நீளவாக்கு, குறுக்குவாக்கைவிட ஏறக்குறைய 30 சதவீதம் அதிகம். அம்மிக் குழவியை நினைத்துக்கொள்ளலாம். குழவிக்குச் சுழல இரண்டு வழி உண்டு. தன் நீள அச்சைச் சுற்றி உருளலாம். அம்மியில் நடப்பது அதுதான். அல்லது தலைகால் மாறிப் புரளலாம்.

உவமையின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். குவாண்டம் விதிப்படி சமச்சீர் அச்சைச் சுற்றி அணுக்கரு முழுவதுமாக உருள முடியாது. அச்சின்மேல் விழும் கோண உந்தம் தனி நியூக்ளியான்களின் ஓட்டத்திலிருந்து மட்டுமே வரும். அந்த அளவுக்குப் பெயர் 'கே' எண். தலைகால் புரளும் சுழற்சியோ கூட்டியக்கம். அது கே எண்ணில் எதையும் சேர்க்காது.

இப்போது 7−, 6+ இரண்டையும் மீண்டும் பாருங்கள். லுட்டீசியம்-176-ன் 7 முழுவதும் அச்சின்மேல் இருக்கிறது: கே = 7. ஹாஃப்னியம்-176-ன் 6+ நிலையில் எல்லா நியூக்ளியான்களும் இணை சேர்ந்து அடங்கிவிட்டன; அந்த 6 முழுவதும் தலைகால் புரளுதல்: கே = 0. எண்ணளவில் 7-ம் 6-ம் பக்கத்தில் இருக்கின்றன. திசையளவிலோ ஒன்று அச்சோடு, மற்றது அச்சுக்குச் செங்குத்து. எலக்ட்ரானும் எதிர்நியூட்ரினோவும் இங்கே அச்சின்மேல் ஒரு அலகைத்தான் எளிதாகச் சுமக்கும். மீதி ஆறுக்குக் கணக்குத் தீர்க்க ஆளில்லை.

கே எண் முற்றிலும் தூயதாக இருந்திருந்தால் இந்தச் சிதைவு நடக்கவே நடக்காது. நடப்பதற்குக் காரணம், சுழலும் அணுக்கருவில் கொரியோலிஸ் விளைவு பக்கத்துக் கே நிலைகளைச் சிறிது கலந்துவிடுவது. ஒரு படி கலப்புக்கு வீதம் சுமார் நூறில் ஒன்றாகக் குறையும் என்பது இந்தத் துறையின் பட்டறிவு விதி. ஆறு படிக்கு நூறின் ஆறாம் அடுக்கு, அதாவது 10¹². லாக் எஃப்டி 7-லிருந்து 19-க்கு ஏறியதும் அதே பன்னிரண்டு. கைக்கணக்குக்கு இவ்வளவு சரியாக விழுவதில் மயங்கிவிடக் கூடாது. இரண்டு அலகு சுமக்கும் கூறும் இந்தச் சிதைவில் கலக்கலாம். அப்போது படிகள் ஐந்து, ஒரு படிக்கான தடை நூறைவிட அதிகம். விதி, அளவின் வரிசையைச் சொல்லும். கடைசி இலக்கத்தைச் சொல்லாது.

உருத்திரிபு தடை மட்டும்தான் போடும் என்று நினைத்துவிட வேண்டாம். சில வழிகளை அது அகலத் திறந்தும் விடுகிறது. மேலே சொன்ன இட்டர்பியம்-175-லேயே இன்னொரு கிளை உண்டு: 7/2−[514] நியூட்ரான், 9/2−[514] புரோட்டானாக மாறுவது. அடைப்புக்குள் உள்ள மூன்று எண்களும் மாறவில்லை; தற்சுழற்சி மட்டும் திரும்புகிறது. கிடைக்கும் ஆற்றல் வெறும் 74 கிலோ எலக்ட்ரான்வோல்ட். தரைநிலைக்குப் போகும் கிளைக்கோ 470. இருந்தும் சிதைவுகளில் ஐந்தில் ஒரு பங்கு இந்த ஒடுங்கிய வழியாகப் போகிறது. லாக் எஃப்டி 4.7.

சேலத்தில் அளக்கும் முறை

இதை முதுகலை ஆய்வகத்தில் சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். 2 அங்குல சோடியம் அயோடைடு டிடெக்டர், மல்டிசேனல் அனலைசர், 5 செ.மீ. ஈயக் கவசம், தூய லுட்டீசியம் ஆக்சைடு போதும். பார்க்க வேண்டியவை மூன்று காமா கோடுகள் (இனி வரும் கோடு, முகடு எண்கள் கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில்): 307 (நூறு சிதைவுக்கு 94), 202 (78), 88 (14 அல்லது 15). மூன்றும் 6+ → 4+ → 2+ → 0+ என்று அடுத்தடுத்து விழுபவை. 88 குறைவாக இருப்பதற்குக் காரணம், அந்த மாற்றத்தின் பெரும்பகுதி காமாவாக வராமல், அணுவின் எலக்ட்ரான் ஒன்றை வெளியே தள்ளி உள்மாற்ற எலக்ட்ரானாகப் போய்விடுவது. அதன் தடயமாக 55-ஐ ஒட்டி ஹாஃப்னியத்தின் எக்ஸ் கதிர் முகடு தெரியும்.

முதல் பயன், நிறமாலையிலிருந்தே வடிவத்தைப் படிப்பது. முகடுகளைக் கூட்டினால் நிலைகள் 88, 290, 597. 290-ஐ 88-ஆல் வகுத்தால் 3.28. விறைப்பான நீள்வடிவச் சுழலிக்கு 3.33; அதிரும் உருண்டைக்கு 2. அணுக்கரு குழவியா கோலிக்குண்டா என்று மாணவர் தன் கையால் கண்டுபிடிக்கும் இடம் இது. அரை ஆயுட்காலம் அளக்கும் அவசரத்தில் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

அடுத்தது அரை ஆயுட்காலம். பொடியை 900 டிகிரி மஃபிள் உலையில் சூடாக்கி, உலர்பெட்டியில் ஆறவிட்டு, உடனே எடை போட வேண்டும். அருமண் ஆக்சைடுகள் ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடிக்கும். ஈரத்தோடு எடை போட்டால் லுட்டீசியத்தை அதிகமாக எண்ணிவிடுவோம். 10 கிராமை 36 மி.மீ. விட்டமுள்ள பிளாஸ்டிக் கிண்ணத்தில் சமமாகப் பரப்பினால் சதுர செ.மீ.க்கு 1 கிராம் வரும். மூடி போட்டு, டிடெக்டர் முகத்திலிருந்து 10 செ.மீ. தள்ளி நிறுத்தி, இடையில் 3 மி.மீ. அக்ரிலிக் தகடு வைக்கவும். 597 கிலோ எலக்ட்ரான்வோல்ட் பீட்டா அதைத் தாண்டாது. இந்த அமைப்பில் 307, 202 முகடுகள் ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 3 முதல் 4 எண்ணிக்கை எதிர்பார்க்கலாம். ஓர் இரவு, 12 மணி நேரம் ஓடவிட்டால் ஒன்றரை லட்சத்தை ஒட்டும். எண்ணிக்கையின் பிழை கால் சதவீதம்தான்; விடையைக் கெடுப்பவை வேறு.

முதல் ஆபத்து, 10 செ.மீ. தூரத்தைப் பொறுக்காமல் பொடியை டிடெக்டரோடு ஒட்டி வைப்பது. எண்ணிக்கை வேகமாக ஏறும், மனம் மகிழும். ஆனால் 307-ம் 202-ம் ஒரே சிதைவில் ஒன்றாக வருபவை. ஒட்டி வைத்தால் இரண்டும் ஒரே நேரத்தில் டிடெக்டருக்குள் விழுந்து 509-ல் ஒரே முகடாகப் பதியும். தனி முகடுகளிலிருந்து அத்தனையும் போய்விடும். ஒட்டிய நிலையில் இழப்பு மூன்றில் ஒரு பங்கைத் தொடலாம், 10 செ.மீ.யில் அது ஒரு சதவீத அளவுக்கு இறங்கிவிடும். எண்ணிக்கை குறைந்தால் அரை ஆயுட்காலம் உண்மையைவிட நீளமாக வரும். 5,000 கோடி ஆண்டு என்று விடை வந்தால் முதலில் தூரத்தைப் பாருங்கள். இந்தக் கூட்டல் விளைவு தேர்ந்த ஆய்வகங்களையும் விட்டுவைத்ததில்லை. வெளியான காமா அளவீடுகளில் சில 4,000 கோடிக்கு மேல் போனபோது, முதல் சந்தேகங்களில் ஒன்று இதன்மேல்தான் விழுந்தது.

509 முகட்டை 511 என்று எடுத்துக்கொண்டு 'பாசிட்ரான் வருகிறது' என்று எழுதுவது இதன் கிளைத் தவறு. சோதனை எளிது: கிண்ணத்தை 20 செ.மீ.க்குத் தள்ளுங்கள். 307-ஐவிட வேகமாக 509 கரைந்தால் அது கூட்டல் முகடு. மூன்றும் கூடினால் 597. அதன் பக்கத்தில் 609-ல் பிஸ்மத்-214-ன் பின்னணி முகடு. சோடியம் அயோடைடு இவ்விரண்டையும் பிரிக்காது.

தன் உறிஞ்சல் அடுத்த ஆபத்து. லுட்டீசியம் கனமான தனிமம். மேலே சொன்ன 1 கிராம் தடிமனில் 88 கோட்டின் ஐந்தில் ஒரு பங்குதான் வெளியே வரும்; 202-ல் கால் பங்கு போகும்; 307-ல் எட்டில் ஒரு பங்கு. ஆகவே அரை ஆயுட்காலத்துக்கு 307-ஐ நம்புங்கள், 202-ஐச் சரிபார்ப்பாக வையுங்கள், 88-ஐ இந்தக் கணக்கிலிருந்து விட்டுவிடுங்கள். 2, 5, 10 கிராம் என்று மூன்று தடிமனில் அளந்து, ஒரு கிராமுக்கான எண்ணிக்கையைச் சுழியத் தடிமனுக்கு நீட்டிப் பார்ப்பது புத்தகத்து உறிஞ்சல் எண்ணைவிட நம்பகமானது. கவசத்தின் ஈயமே 75, 85-ல் எக்ஸ் கதிர் விட்டு 88-ஐ மறைக்கும். உள்பக்கம் 1 மி.மீ. காட்மியமும் அதன்மேல் செம்புத் தகடும் வைத்தால் அடங்கும்.

டிடெக்டரின் திறனை (வெளிவரும் கதிர்களில் எத்தனை பங்கை எண்ணுகிறது என்பதை) அளக்கப் பேரியம்-133 மூலத்தின் 303 கோடு கைக்கு எட்டுவதுபோல் தோன்றும். அது 356 முகட்டின் இடது தோளில் உட்கார்ந்திருக்கும்; தனியே பிரிக்க முயல வேண்டாம். கோபால்ட்-57 (122), பேரியத்தின் 356, சீசியம்-137 (662) மூன்றையும் வைத்து வளைகோடு வரைந்து 307-ல் படிப்பது நல்லது. மூலத்தை மையத்திலும், 9 மி.மீ., 18 மி.மீ. தள்ளியும் வைத்து அளக்க வேண்டும்; பொடி ஒரு புள்ளி அல்ல, வட்டு. சான்றிதழில் உள்ள செயல்பாட்டை அன்றைய தேதிக்குத் திருத்துவதை மறந்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. பேரியம்-133-க்கு அரை ஆயுட்காலம் பத்தரை ஆண்டு, கோபால்ட்-57-க்கு ஒன்பது மாதம்தான். இந்தப் படிநிலையில் 3 முதல் 5 சதவீதம் நிச்சயமின்மை தங்கிவிடும். 3,700 ± 200 கோடி என்று வந்தால் அது நேர்மையான, நல்ல விடை.

ஊருக்கே உரிய இரண்டு விஷயங்கள். ஒன்று வெயில். சித்திரை, வைகாசியில் சேலத்தில் பகலுக்கும் இரவுக்கும் அறை வெப்பம் பத்து டிகிரிக்கு மேல் மாறும். டிடெக்டரின் பெருக்கம் டிகிரிக்கு அரை சதவீதம் வரை நகரக்கூடும். 12 மணி நேரத்தை ஒரே கோப்பாகப் பதிவு செய்தால் முகடு பூசினாற்போல் அகன்றுவிடும். ஒரு மணிக்கு ஒரு கோப்பாகச் சேமித்து, பின்னணியின் 1461 பொட்டாசியம் முகட்டை வைத்து ஒவ்வொன்றையும் நேர்ப்படுத்திப் பிறகு கூட்டவும். ஏசி இருந்தாலும் இரவில் அணைக்கப்படுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மற்றது கல். சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்ற கடும்பாறையால் ஆனது. கல் மேசையிலும் சுவரிலும் பொட்டாசியமும் தோரியமும் இருக்கும். தோரியம் தொடரின் 239 கோடு 202 முகட்டின் வலது சரிவில் ஏறும். ஆகவே வெற்றுக் கிண்ணப் பின்னணியை அதே இடத்தில் அதே 12 மணி நேரம் எடுத்துக் கழிக்க வேண்டும். வெற்றுக் கிண்ணத்துக்குப் பதில் சேலத்து மேக்னசைட்டைச் சுட்ட பொடியை நிரப்பி வைப்பது நல்ல வழி. அது பிறந்த பாறையிலேயே பொட்டாசியம், யுரேனியம், தோரியம் மிகக் குறைவு. லுட்டீசியத்தின் உறிஞ்சலை அது காட்டாது. பின்னணியை மட்டும் காட்டும். லுட்டீசியம் பொடியிலேயே தோரியம் கலந்திருக்கிறதா என்பதற்கு 2614 முகட்டைப் பாருங்கள்: பொடி வைத்ததும் அது பின்னணியைவிட உயர்ந்தால் மாதிரி தூயதல்ல.

இந்த எண் போய்ச் சேரும் இடங்கள்

சேர்வராயன் மலையின் ஏற்காட்டுப் பாறையில் கார்னெட் என்ற கனிமம் இருக்கும் இடங்களில் இந்த அரை ஆயுட்காலமே கடிகாரம். கார்னெட் வளரும்போது லுட்டீசியத்தை இழுத்துக்கொள்ளும், ஹாஃப்னியத்தை ஒதுக்கும். பிறகு சேரும் ஹாஃப்னியம்-176-ஐ நிறைமாலைமானியில் அளந்து வயது சொல்வார்கள். புவியியலார் இன்று பயன்படுத்தும் சிதைவு மாறிலி ஆண்டுக்கு 1.867 × 10⁻¹¹. சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய சேர்வராயன் சார்னோக்கைட்டில் அன்றிருந்த லுட்டீசியம்-176-ல் இதுவரை 4.6 சதவீதம்தான் சிதைந்திருக்கும். மாறிலியில் 4 சதவீதம் தவறினால் வயதில் 10 கோடி ஆண்டு தவறும். ஆய்வகத்தின் கூட்டல் முகடு மலையின் வயதை மாற்றிவிடும் என்பதால்தான் மேலே அந்தத் தூரத்தைப் பற்றி அவ்வளவு வற்புறுத்தினோம்.

பெட் ஸ்கேன் கருவிகளின் லுட்டீசியம் சிலிக்கேட் படிகங்களிலும் இது உண்டு: கன செ.மீ.க்கு விநாடிக்கு சுமார் 300 சிதைவு. ஒரு படிகத்தில் பீட்டா நின்றுவிட, 307 தப்பிப் பக்கத்துப் படிகத்தில் விழுந்தால் நோயாளியே இல்லாமல் ஒரு பொய் இணைநிகழ்வு, அதாவது இரண்டு கதிர்கள் ஒரே நேரத்தில் வந்ததுபோன்ற தடம், பதிவாகும். கருவி ஏற்கும் ஆற்றல் சாளரத்தின் கீழ் எல்லையை 307-க்கு மேலே, 435-ஐ ஒட்டி வைப்பதால் பெரும்பகுதி நீங்கிவிடும்.

விண்மீனுக்குள் கதை மாறுகிறது. 30 கோடி டிகிரியில் கே = 7 தரைநிலை வெப்பக் கதிரால் 839 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் உள்ள இடைநிலைக்கு ஏறி, அங்கிருந்து கே = 0 ஐசோமருக்கு இறங்கிவிடலாம்; பிறகு சில மணி நேரத்தில் சிதைவு. அதனால்தான் தனிமங்கள் விளையும் விண்மீன்களின் வயதுக்கு இதைக் கடிகாரமாக வைக்க முடியாமல், வெப்பமானியாக வைத்துக்கொண்டார்கள்.

ஒரு சோதனை மட்டும் சோடியம் அயோடைடுக்கு எட்டாது. லுட்டீசியம்-176 ஆயிரத்தில் மூன்று நான்கு முறை 6+-க்குப் பதிலாக 998-ல் உள்ள 8+ நிலைக்குப் போகிறது. அடையாளம் 401 கோடு. 307-ம் 88-ம் கூடி வரும் 395 அதன் காலடியிலேயே நிற்கும். இரண்டையும் பிரிக்க ஜெர்மானியம் டிடெக்டர் வேண்டும். அது கிடைக்கும் இடத்துக்கு இதே கிண்ணத்தைக் கொண்டுபோனால், 10 செ.மீ. தூரத்தில் ஒரு வாரம் ஓடவிடுங்கள். பொடியைக் கொட்டி மாற்ற வேண்டாம். எடையும் பரப்பும் அப்படியே இருந்தால் 401-க்கும் 307-க்கும் உள்ள விகிதத்தை நேரடியாக எடுக்கலாம்.